இடப்பக்கம் பார்த்த காளை

காளை உருவத் தாயத்தை வாங்குபவர் கையில் கொடுப்பதற்கு முன்பு தாமியு அக்கா தன் தலையை ஒருமுறை வலப்பக்கம் திருப்புவாள். உள்ளங்கையில் அந்த நீலக் காளையை வைத்துப் பார்ப்பாள். பிறகு அது பார்க்கும் திசையில் தானும் பார்ப்பாள். ஒரு கணம்தான். அதற்குப் பிறகே கொடுப்பாள். மெம்பிஸ் நகரத்தில், தெய்வமாகக் கும்பிடப்படும் ஏபிஸ் காளையின் தொழுவ வாசலில், அவள் கடைக்குப் பத்தடி தள்ளி மனு எழுதும் பலகையோடு ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்த நான் இதை எத்தனையோ ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் அது ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தாங்களும் தலையைத் திருப்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் அவளுக்குக் 'கழுத்துப் பிடிப்பு தாமியு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இன்னைக்குக் கழுத்து எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "எனக்குக் கழுத்து பிடிச்சிருக்கு. உனக்கு நாக்கு பிடிச்சா இந்தத் தெருவுக்கே விமோசனம்" என்பாள்.

போன வேனிலில் காய்ச்சல் கண்டு ஆறே நாளில் இறந்துபோனாள். இந்தத் தொழுவத்தில் இறக்கும் ஒவ்வொரு காளைக்கும் ஒரு கல் நடுகிறார்கள். எந்த நாளில் பிறந்தது, எந்த ஊர்ப் பசு ஈன்றது, எத்தனை வருடம் வாழ்ந்தது என்று அதில் வெட்டுகிறார்கள். அப்படி ஒரு கல்லுக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கும் ஒருமுறை கிடைத்தது. எங்கள் வீட்டில் எழுத்து படித்த முதல் ஆள் நான். அப்பா இதே தொழுவத்துக்குத் தண்ணீர் சுமந்தவர். கல் வாசகத்தைப் படித்துக் காட்டியபோது அப்பா அழுதுவிட்டார். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மாட்டைப் பற்றி நன்றாக எழுதத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் திறமை எதுவும் கைகொடுக்கவில்லை. அவள் பிறந்த நாள்கூட எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். குயவர் தெருப் பெண். புருஷன் மர்ரேஸ் சரக்குப் படகில் அலெக்சாந்திரியா போனவன் அங்கேயே ஒரு கிரேக்கக்காரி வீட்டில் தங்கிவிட்டான். "அவளாவது அவனைக் குளிக்க வெப்பா" என்பதைத் தவிர அவனைப் பற்றி அவள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளை மணலை மாவாக இடித்து, உப்புச் சாம்பலும் தாமிரத் தூளும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி எடுத்துச் சூளையில் வைப்பாள். உள்ளே போகும்போது உலர்ந்த மாவின் நிறத்தில் போகும் காளை, வெளியே வரும்போது ஆற்றின் நிறத்தில் வரும். கட்டைவிரல் அகலம் இருக்கும், முதுகுப்புறம் தட்டை. கொம்புகளுக்கு நடுவில் சூரியவட்டம், விலாவில் பிறை. விலை இரண்டு ஓபோல் காசு. பேரம் பேசினால், "சாமியே பேரம் பேசாம புல்லு தின்னுது, உனக்கென்ன?" என்பாள்.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது அப்போதிருந்த காளை இறந்தது. நகரமே தலையை மழித்துக்கொண்டது. எழுபது நாள் யாரும் பாலையும் இறைச்சியையும் தொடவில்லை. அந்த எழுபது நாள் முடிவதற்கு முன்பே ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொருவரும் தன் மாட்டுக் கொட்டகைக்குள் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். புதிய தெய்வம் எந்தக் கொட்டகையிலும் பிறந்திருக்கலாம் அல்லவா? கறுப்புக் கன்று, நெற்றியில் வெள்ளை முக்கோணம், வாலில் இரட்டை மயிர், நாக்கின் அடியில் வண்டு போல ஒரு முடிச்சு, வலது விலாவில் வெள்ளைப் பிறை. மொத்தம் இருபத்தொன்பது அடையாளங்கள். கோயில் பள்ளியில் அவற்றை மூச்சு விடாமல் ஒப்பித்தவர்கள் நாங்கள். கிராமத்தில் அந்தப் பட்டியல் யாருக்குத் தெரியும்? அவர்கள் தாயத்தை வாங்கிப்போய்க் கன்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அதனால் அந்த மாதங்களில் தாமியு அக்காவுக்கு மூச்சு விட நேரமில்லை.

அந்த அவசரத்தில்தான் அச்சு உடைந்தது. வழக்கமாக அவள் அச்சுச் செய்வது இப்படி: ஒரு நல்ல காளையை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் களிமண்ணில் குழி விழும். அந்தக் குழியிலிருந்து எடுக்கும் காளைகள் எல்லாம் முதல் காளையைப் போலவே இருக்கும். ஆனால் அந்த வாரம் அழுத்துவதற்கு ஒரு காளைகூட மிச்சமில்லை; கைக்கு வந்தது எல்லாம் விற்றுப்போயிருந்தது. அவள் ஈரக் களிமண்ணை எடுத்து எலும்பு ஊசியால் நேராகவே குழி வெட்டினாள். வலப்பக்கம் பார்க்கும் காளை, கண் முன் தெரியும் வலது விலாவில் பிறை. வெட்டியது சரியாகத்தான் இருந்தது. அதில் அழுத்தி எடுத்தபோது எல்லாம் திரும்பிக்கொண்டது. காளை இடப்பக்கம் பார்த்தது, பிறை இடது விலாவுக்குப் போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. வாங்கியவர்களும் கவனிக்கவில்லை.

நானும் அதில் ஒன்றைப் பதினோரு நாள் கழுத்தில் போட்டிருந்தேன். 'வலது விலாவில் பிறை' என்று தேர்வில் எழுதிய கைதான் தினமும் காலையில் அதை எடுத்து மாட்டியது.

துக்கம் முடிந்து, வெள்ளமும் வடிந்து, வயல்களில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் மேளச் சத்தத்தோடு ஒரு படகு துறைக்கு வந்தது. படகு முழுவதும் நாணல் தோரணம். ஆற்றை எதிர்த்துப் போனால் இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் தாநூப் கிராமத்து ஆட்கள். நடுவில் ஒரு பசு, அதன் மடியில் முட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் கன்று, அவற்றுக்குப் பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரன் ஹரியோ. மெலிந்த ஆள், நாற்பது வயதிருக்கும். புதுச் சலவை வேட்டி கட்டியிருந்தான். பசுவைத் தொழுவத்துக்குள் நடத்திப் போகும்போது அதனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்: "கொஞ்சம் ஒதுங்கும்மா, படி இருக்கு, பார்த்து வா தாயே."

அடையாளம் பார்க்கும் அதிகாரி பாஹோர், கோயில் குருமார்களில் ஒருவர். அதே வாரத்தில் வேறொருவன் சுண்ணாம்பு பூசிய கன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். அந்தக் கோபம் அவருக்குத் தீரவில்லை. நான் எழுதுவதற்கு அழைக்கப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நெற்றியைப் பார்த்தார், தலையசைத்தார். வாலைப் பிரித்துப் பார்த்தார். வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். பாஹோர் கன்றின் வலது பக்கம் போய் நின்றார்.

"பிறை எங்கய்யா?"

"இந்தப் பக்கம் சாமி. இங்க வாங்க."

"அது இடது பக்கம்."

"ஆமா சாமி. இடது பக்கந்தான். அச்சு அசலா இருக்கு, பாருங்க."

பாஹோர் புளித்த காடியில் துணியை நனைத்துப் பிறையைத் தேய்த்தார். வெள்ளை போகவில்லை.

"சாயம் இல்ல சாமி. பிறவியிலேயே உள்ளது."

"சூடு போட்ட எடத்துல மயிரு வெள்ளையாத்தான் முளைக்கும். எனக்கே பாடம் நடத்துறியா? சூடு போடத் தெரிஞ்சவனுக்கு எந்தப் பக்கம் போடணும்னு தெரியல. தெய்வத்தோட அடையாளத்த இரும்பால போட்டிருக்கே, கல்லு வெட்டுற மலைக்குப் போனா புத்தி வரும்."

ஹரியோ கழுத்துக் கயிற்றை இழுத்து வெளியே எடுத்தான். "இதப் பாருங்க சாமி, இந்த வாசல்லதான் வாங்கினேன்..." காவலாளி அவன் கையைத் தட்டிவிட்டான். பாஹோர் அதைப் பார்க்கவே இல்லை. ஹரியோவை உள்ளே அடைத்தார்கள். மறுநாள் காலை மலைக்கு அனுப்புவதாக உத்தரவு. அதை எழுதியது நான்தான்.

வெளியே வந்து தாமியு அக்காவிடம் சொன்னேன். சிரிப்பான கதையைச் சொல்வது போலத்தான் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டே ஒரு தாயத்தைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"இடது பக்கமா?"

"இடது பக்கந்தான். நம்ம வாசல்ல வாங்கினதாம்."

அவள் கையிலிருந்த காளையைப் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்தாள். எல்லாக் காளைகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

"எழுத்துக்காரா, உன் கழுத்துல இருக்கிறதக் காட்டு."

காட்டினேன்.

"பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனியே, அங்க வலது எடது சொல்லித் தரலையா?"

"அக்கா, நான்..."

"சரி விடு. வெட்டினவளுக்கே தெரியல, மாட்டினவனுக்கா தெரியும்?" கொட்டிய காளைகளைக் கூடைக்குள் அள்ளிப் போட்டாள். பிறகு, "நான் போய்ச் சொன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"கடையை எடுத்துருவாங்க. அச்செல்லாம் ஒடைப்பாங்க. அதுக்கு மேல என்னன்னு எனக்குத் தெரியல."

"சொல்லலைன்னா?"

"அந்த ஆளு மலைக்குப் போவான். அங்கயிருந்து ரொம்பப் பேரு திரும்பி வர்றதில்ல."

"நீ இப்படித்தான் மனு எழுதுவியா? ரெண்டு பக்கத்தையும் சமமா எடை போட்டு?" என்று எரிச்சலோடு கேட்டாள். எழுந்து, ஆடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். "வா. நான் பேசுறத எழுது. அழகு பண்ணாத."

பாஹோர் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தார். வெங்காயமும் உலர்ந்த மீனும் ரொட்டியும். அவள் களிமண் அச்சையும் மூன்று தாயத்துகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

"தப்பு என்னுது சாமி. அவன் சூடு போடல. அவன் மாட்டப் பார்த்துட்டு என் பொம்மையப் பார்த்திருக்கான்."

பாஹோர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதப் பார்த்தா எவனுக்கும் தெரியுமே! கண்ணில்லாத முட்டாளா அவன்?"

"உங்க சின்னப் பொண்ணு கழுத்துல கெடக்கிறதும் இந்த அச்சுதான் சாமி. போன மாசம் நீங்களேதான் வாங்கிட்டுப் போனீங்க."

பாஹோர் வாயிலிருந்ததை மெல்லுவதை நிறுத்தினார். நான் பலகையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சிரித்திருந்தால் எனக்கும் மலைதான்.

ஹரியோவை வரவழைத்து விசாரித்தார். அப்போது அவன் சொன்னதை நான் மறக்கவே முடியாது. அவர்கள் ஊர்த் தலைவரிடம் ஒரு பெரிய வெண்கலத் திராக்மாக் காசு இருந்ததாம், அலெக்சாந்திரியாவில் அடித்தது. அதிலும் இதே காளை. அது வலப்பக்கம் பார்த்தது, பிறையும் வலது விலாவில்தான் இருந்தது. காசு ஒன்று சொல்கிறது, தாயத்து ஒன்று சொல்கிறது. எது சரி என்று ஊரே கூடிப் பேசியிருக்கிறது.

"அப்புறம்?" என்றார் பாஹோர்.

"காசு ரோமாபுரிக்காரன் அடிக்கிறது சாமி. அவனுக்கு நம்ம சாமியப் பத்தி என்ன தெரியும்? தாயத்து சாமி வாசல்லயே செஞ்சது. அது பொய் சொல்லுமான்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணினோம்."

எங்களை நம்பியதுதான் அவர்கள் செய்த தவறு. அதைப் பாஹோராலும் குற்றம் என்று சொல்ல முடியவில்லை. ஹரியோவை மாட்டோடும் கன்றோடும் விட்டுவிடச் சொன்னார். தாமியுவின் அச்சுகளை உடைக்கச் சொன்னார், ஒரு வருடம் வாசலில் கடை போடக்கூடாது என்றார். உத்தரவை நான் எழுதினேன். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஹரியோ கன்றின் கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் அவனுக்காகக் காத்திராமல் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேளத்தையும் கொண்டுபோய்விட்டார்கள்.

"நீங்கதானா அது?" என்றான் தாமியுவிடம். கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"நாந்தான். உன் நெலம்?"

"உழவே இல்ல. தெய்வத்தோட அம்மாவை ஏர்ல பூட்டலாமா? பதினேழு நாளா இவள நிக்கவெச்சுப் புல்லு போட்டேன். ஈரம் காஞ்சுபோச்சு. இந்த வருஷம் ஒண்ணும் இல்ல."

"நான் தானியம் தர்றேன். என் வீட்டுல ரெண்டு சாக்கு பார்லி இருக்கு."

"பார்லி வேணாம்மா." அவன் மாலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான். "உள்ள இருக்கிற அதிகாரி சாமி என்னை விட்டுட்டாரு. ஊரு விடுமா? அவங்க அடைச்சதப் பாத்தாங்க, விட்டதப் பாக்கல. சூடு போட்டவன்னு இப்பவே படகுல பேசிக்கிட்டுப் போவாங்க. நீங்க உள்ள சொன்னீங்களே, அதையே எங்க ஊருல வந்து ஒரு தடவ சொல்லுங்க. அது போதும்."

"வர்றேன். அடுத்த தண்ணி வடிஞ்சதும் வர்றேன்."

"வேணும்னா நான் எழுதித் தர்றேன்" என்றேன் நான். "கோயில் முத்திரையோட."

ஹரியோ என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "எங்க ஊருல யாரு தம்பி படிப்பா? தலையில வெச்சுக் கும்பிடுவாங்க. எழுத்து வேணாம், வாய் வேணும்."

அன்று மாலை அவன் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு கரையோரமாக நடந்தே போனான்.

ஒரு வருடம் தாமியு அக்கா குயவர் தெருவில் சட்டி பானை வனைந்தாள். மறுபடியும் வாசலுக்கு வந்தபோதுதான் அந்தக் கழுத்துத் திருப்பல் ஆரம்பித்தது. அதற்குள் வேறொரு ஊரில் புதிய காளை கிடைத்து, நகரம் கொண்டாடி ஓய்ந்திருந்தது. வெள்ளமும் வடிந்திருந்தது. அவள் தாநூப் போகவில்லை. மறுவருடமும் போகவில்லை. சூளை சரியில்லை, முட்டி வலி, படகுக்காரன் முகம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். இரண்டு முறை பார்லியும் ஒரு முறை உப்புக் கருவாடும் கொடுத்தனுப்பினாள். எல்லாம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

நான்காம் வருடம் ஹரியோவே வந்தான். கன்று வளர்ந்து உழவு மாடாகிவிட்டதாம். நல்ல உழைப்பாளியாம். அது வயலில் இறங்கினால் ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று, "சாமி உழுவுது, எல்லாரும் கும்பிடுங்கடா" என்று கூப்பாடு போடுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவனே சிரித்தான். மகளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று தட்டிப்போனதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"எப்பம்மா வர்றீங்க?"

"அடுத்த தண்ணி வடியட்டும் ஹரியோ."

அவன் போன பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாஹோர் முன்னாடி நின்னு பேசின ஆளு நீ. ஒரு கிராமத்துக்குப் போய் நாலு வார்த்தை சொல்ல என்ன பயம்?" என்று கேட்டேன்.

அவள் மாவைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"அந்தப் பதினேழு நாளும் அவங்க ஊருல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? அவன் என்கிட்ட தனியாச் சொன்னான். நடக்காத ஒரு பொண்ணு அந்தக் கன்னுக்குட்டியத் தொட்டுட்டு வாசல் வரைக்கும் நடந்தாளாம். புள்ளைய எழவு கொடுத்த ஒருத்தி அதுக்குப் புல்லு ஊட்டிட்டு அன்னைக்குத்தான் தூங்கினாளாம். பாஹோர் முன்னாடி நான் அச்சு தப்பா வெட்டினவ, அவ்வளவுதான். அங்க போய் நின்னா யாரு நான்? இவன் பொய் சொல்லல, உங்க சாமிதான் பொய், அதுவும் என் ஊசி செஞ்ச பொய்னு சொல்லணும். அந்த ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

"சொல்லலைன்னா ஹரியோ பொய்யனாவே இருப்பான்."

"தெரியுது தம்பி. தெரியாமலா ஒவ்வொரு வருஷமும் மூட்டை கட்டி அவுக்கிறேன்?"

பள்ளியில் எங்களுக்குச் சரி, தவறு இரண்டையும் இரு பத்தியாக எழுதிக் காட்டினார்கள். அவள் எந்தப் பத்தியில் வருவாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு ஆளை மலையிலிருந்து காப்பாற்றியவள். அதே ஆளை அவன் ஊரிலேயே தனியாக விட்டவள். முதலாவது நிஜம் என்பதால் இரண்டாவது குறைந்துவிடுமா? அவளுக்காக அப்படி நம்ப ஆசைப்படுகிறேன். என் கழுத்திலும் அந்தக் காளை பதினோரு நாள் கிடந்தது, அந்த உத்தரவையும் நான்தான் எழுதினேன் என்பது அந்த ஆசையைக் கொஞ்சம் கெடுத்துவிடுகிறது.

காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஹரியோவின் பெயரைச் சொல்லவில்லை. சூளையை மூடினார்களா என்று கேட்டாள், வெள்ளரிக்காய் வேண்டும் என்றாள். கொடுத்தேன். கசக்கிறது என்று துப்பிவிட்டாள். அவளுக்குக் கல் எதுவும் நடவில்லை. குயவர் தெருக்காரர்கள் பாலைவன ஓரத்து மணலில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இந்த வருடத் தண்ணீர் வடிந்து எட்டு நாள் ஆகிறது. முந்தாநாள் வெங்காயம் ஏற்றிவந்த ஒரு படகுக்காரர் என் பலகை முன்னால் வந்து நின்றார். தாயத்து விற்கும் அம்மா எங்கே என்று விசாரித்தார். தாநூப் ஹரியோ சொல்லி அனுப்பினாராம்: வயசான அம்மா, நடக்க வேண்டாம், திரும்பும்போது இந்தப் படகிலேயே கூட்டிக்கொண்டு வரவேண்டும், கூலியை ஹரியோவே கொடுத்துக்கொள்வார். அம்மா உட்காருவதற்கென்று ஒரு பாயையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

அவள் இறந்துவிட்டதைச் சொன்னேன். படகுக்காரர் உச்சுக்கொட்டினார். பாயைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஹரியோகிட்ட நான் என்னன்னு தம்பி சொல்றது?"

நான் போகலாம். எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் ஊசியைப் பிடித்த கை என்னுடையது இல்லை. நான் சொன்னால் அந்த ஊர் கேட்குமா, கோயிலிலிருந்து ஒரு படித்தவன் வந்து அவனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைக்குமா, எனக்குத் தெரியவில்லை. படகுக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா இறந்துட்டாங்க. அவருக்குக் கொடுக்க வேண்டியதக் கொடுக்காமலே போயிட்டாங்க. இன்னும் பாக்கிதான்னு சொல்லுங்க" என்றேன்.